மண்டி போட்ட இன்டெல்

அக்டோபர் 2004. அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரம். கார்ட்னர் நிறுவனம் நடத்திய மாநாடு. அரங்கம் நிறைய கம்ப்யூட்டர் தொழிலின் பெரிய தலைகள். மேடையில் பேசிக்கொண்டிருந்த இன்டெல்லின் தலைமை அதிகாரி க்ரெய்க் பாரெட், சட்டென்று முழங்காலில் இறங்கினார். மன்னித்துவிடுங்கள் மக்களே!

விளையாட்டுக்குத்தான். ஆனால் விஷயம் விளையாட்டில்லை. வரும், வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரவே வராது என்று அந்த மாதம்தான் அறிவித்திருந்தார்கள். பிரதான காரணம், சூடு.

1971ல் வந்த 4004 சிப்பில் 2,300 டிரான்ஸிஸ்டர்கள். தலையில் விசிறி கிடையாது, தகடு கிடையாது. சமர்த்துப் பிள்ளை. 486 காலத்தில் ஹீட்சிங்க் என்கிற அலுமினியத் தகடு முதுகில் ஏறியது. 1993ல் பென்டியம் வந்தபோது அதன் மேல் விசிறியும் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் இறங்கவேயில்லை.

நான் பி.காம். எனக்கு இதில் எஞ்சினியரிங்குக்கு முன்னால் வியாபாரம்தான் கண்ணில் படும். பைக் வாங்குகிறவன் மைலேஜ் கேட்கிற மாதிரி, கம்ப்யூட்டர் வாங்குகிறவன் மெகாஹெர்ட்ஸ் கேட்டான். நம்பர் பெரிசா? சரக்கு உசத்தி. இன்டெல்லுக்கு இது தெரியாதா என்ன? 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4, ஒரு வேலையை இருபது குட்டித் துண்டுகளாக நறுக்கிச் செய்தது. துண்டு சிறிசாக இருந்தால் கடிகாரத்தை வேகமாக ஓட்டலாம். ஒவ்வொரு டிக்கிலும் நடக்கிற வேலை குறைவுதான். அதை யார் கேட்டார்கள்?

உள்ளேயே ஒருவர் எச்சரித்தார். இன்டெல்லின் பாட் கெல்சிங்கர், 2001 பிப்ரவரியில் ஒரு கருத்தரங்கில் கணக்கு போட்டுக் காட்டினார். சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை வாட் என்று பார்த்தால் சிப் ஏற்கெனவே சமையலறை ஹாட் ப்ளேட்டைத் தாண்டிவிட்டது. இதே ரீதியில் போனால் 2005ல் அணு உலை, 2010ல் ராக்கெட் முனை, 2015ல் சூரியனின் மேற்பரப்பு!

அதே வருஷம் டாம்ஸ் ஹார்டுவேர் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடுகிற கம்ப்யூட்டரிலிருந்து ஹீட்சிங்கைப் பிடுங்கினார்கள். ஏஎம்டியின் அத்லான் புகைந்து செத்தது. பென்டியம் 4 மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடியது. இன்டெல் ஜாம் ஜாமென்று சிரித்திருக்கும்.

சிரிப்பு நிலைக்கவில்லை. 2004 பிப்ரவரியில் ப்ரெஸ்காட் வந்தது. 90 நானோமீட்டர். டிரான்ஸிஸ்டர் சுருங்கினால் கரண்ட் செலவும் குறையும் என்பது அதுவரை நம்பி வந்த விதி. இம்முறை நடந்ததோ தலைகீழ். மூடிய குழாயில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி, அணைந்திருக்கும் டிரான்ஸிஸ்டரிலும் மின்சாரம் கசிந்தது. போதாக்குறைக்கு இருபது துண்டு முப்பத்தொன்றாகியிருந்தது. 3.4 கிகாஹெர்ட்ஸ் மாடலின் கணக்கு 103 வாட். நூறு வாட் குண்டு பல்பின் மொத்தச் சூட்டையும் விரல் நகத்தளவு சில்லில் அடைத்தால் எப்படியிருக்கும்?

எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதில் ஒன்றை நானும் வாங்கினேன்.

விசிறி போட்ட இரைச்சலில் வீட்டில் பேச்சு காதில் விழாது. ஒரு மே மாதம், பொறுக்கமுடியாமல் பெரிதாக ஒரு ஹீட்சிங்க் வாங்கிவந்து நானே மாட்டினேன். பழையதைவிட மோசம். பத்து நிமிஷத்தில் மெஷின் ஆமையானது. பயாஸ் திரையில் பார்த்தால் எண்பது டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்து உயிர் பிழைக்கும் அதே வித்தை! கொஞ்ச நேரத்தில் பொட்டென்று அணைந்தும்போனது. எழுதி வைத்த கட்டுரையும் கூடவே போயிற்று.

வெயில்மேல் பழி போட்டேன். உண்மைதான், எப்பேர்ப்பட்ட ஹீட்சிங்க்கும் அறையின் சூட்டுக்குக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோகாது. ஆனாலும் எண்பது அதிகம். அடுத்தது, தெர்மல் பேஸ்ட். இரண்டு உலோகப் பரப்புகள் வழவழவென்று தெரிந்தாலும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் இருக்கும், அதில் காற்று நிற்கும். காற்று சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பேஸ்ட். நான் தோசைக்குச் சட்னி மாதிரி அப்பியிருந்தேன். துடைத்துவிட்டு, பட்டாணி அளவு வைத்தேன். நாலைந்து டிகிரி இறங்கியது. அவ்வளவுதான்.

கடைசியில் மதர்போர்டையே கழற்றித் திருப்பிப் பார்த்தேன். 2004 ஜூனில் இன்டெல் புது சாக்கெட் கொண்டுவந்தபோது, ஹீட்சிங்க்கை நிறுத்த நான்கு பிளாஸ்டிக் பின்களைக் கொடுத்திருந்தது. அழுத்தினால் டிக் என்று உட்காரவேண்டும். மூன்று, முதுகுப்பக்கம் எட்டிப் பார்த்தன. நான்காவதைக் காணோம். அந்தப் பக்கம் ஹீட்சிங்க் மயிரிழை தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. எதிரெதிர் மூலையாக அழுத்தினேன். டிக். ஐம்பத்தைந்துக்கு வந்து நின்றது.

என் பிரச்னை ஒரு பின்னில் முடிந்தது. இன்டெல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ப்ரெஸ்காட்டை 3.8 கிகாஹெர்ட்ஸ், 115 வாட் வரை தள்ளிப்பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுயோ, லேப்டாப் சிப்பின் வழியில் பிறந்தது. பெரும்பாலான மாடல்கள் 65 வாட்தான். இரண்டு சொச்சம் கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டே பழைய 3.8ஐத் தோற்கடித்தது. பெட்டியின்மேல் பெரிய நம்பர் போடுகிற வழக்கமும் மெல்ல மறைந்தது.

இன்டெல்லின் 4 கிகாஹெர்ட்ஸ் டெஸ்க்டாப் ப்ராசஸர் ஒருவழியாகக் கடைக்கு வந்தது, 2014 ஜூனில். மண்டி போட்ட பாரெட் அதற்கு ஐந்து வருஷம் முன்பே ஓய்வு பெற்றிருந்தார்.