கயிற்றின் மறுமுனையில்: வோக்ளூஸ், 1946

'தர்ட்டீன் லைவ்ஸ்' படம் பார்த்திருப்பீங்க. 2018-இல் தாய்லாந்துக் குகையில் மாட்டிக்கொண்ட 12 பையன்களையும் அவர்களுடைய கோச்சையும் மீட்ட கதை. அவர்களை முதலில் கண்டுபிடித்தது ரிக் ஸ்டான்டன், ஜான் வொலாந்தன் என்ற இரண்டு பிரிட்டிஷ் டைவர்கள். அதே ரெண்டு பேரும் 2010-இல் பிரான்ஸின் ஆர்தேஷ் பகுதிக்குப் போயிருக்காங்க. குகை நீருக்குள் சிக்கிய ஒரு பிரெஞ்சு டைவரைத் தேடுவதற்காக. அந்தத் தடவை உடலைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அந்தச் செய்தியைப் படிச்சப்பதான், குகை டைவிங்கின் பழைய கதைகளில் பாதி ஏன் பிரான்ஸில் நடக்குது என்று தேட ஆரம்பிச்சேன்.

பதில் ரொம்ப சிம்பிள், சுண்ணாம்புக்கல். பிரான்ஸின் தெற்குப் பகுதி முழுக்க மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்து, நிலத்துக்கு அடியில் ஆறுகள் ஓடுகின்றன. அவை வெளியே வரும் இடம்தான் ஊற்று. ஊற்றின் வாய்க்குள் இறங்கினால் நேராகக் குகை.

கடலில் டைவ் பண்ணும்போது ஏதாவது தப்பானால், தலைக்கு மேலே எங்கேயோ காற்று இருக்கிறது என்ற ஒரு நம்பிக்கையாவது மிஞ்சும். குகையில் தலைக்கு மேலே பாறை. உள்ளே போன வழியிலேயேதான் திரும்பணும். எவ்வளவு தூரம் உள்ளே போனீங்களோ அவ்வளவு தூரத்துக்கும் காற்று கையில் இருக்கணும். அதனால் இந்த வரலாற்றை நான் வீரர்களின் வரலாறாகப் பார்க்கிறதில்லை. எனக்கு இது சாமான்களின் வரலாறு. யார் எதைக் கொண்டு போனாங்க, எதில் நிரப்பினாங்க, யார் மேலே காத்திருந்தாங்க?

ஆரம்பத்தில் சாமான்களே கிடையாது. 1922-இல் நோர்பேர் காஸ்தெரே என்ற இளைஞர், பிரெனீஸ் மலையடிவாரத்தில் மோந்தெஸ்பான் என்ற ஊரில், கூரையைத் தொட்டு நீர் நிறைந்த ஒரு சுரங்கத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினார். உபகரணம் என்றால் மெழுகுவத்தியும், நனையாமல் சுற்றி வைத்த தீப்பெட்டியும். அந்தப் பக்கம் காற்று இருக்குமா என்பதே தெரியாது. இருந்தது. அடுத்த வருஷம் நண்பரோடு திரும்பிப் போய், வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் செய்த களிமண் கரடி உருவத்தைக் கண்டுபிடித்தார். பிரமாதமான கதைதான். ஆனா சத்தியமா சொல்றேன், இதைப் படிக்கும்போது எனக்கு வயிறு கலங்குது. அவர் ஜெயித்ததால் இதை சாகசம் என்கிறோம்.

1943-இல் எல்லாம் மாறியது. கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் எமில் கஞ்ஞான் என்ற இன்ஜினியரும் சேர்ந்து, மூச்சை இழுக்கும்போது மட்டும் தேவையான அழுத்தத்தில் காற்று தரும் ரெகுலேட்டரை உருவாக்கினார்கள். போர்க்காலம், பெட்ரோல் தட்டுப்பாடு. கார்களை வேறு வாயுவில் ஓட்டுவதற்காக கஞ்ஞான் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் ஸ்கூபா டைவிங்கை உலகம் முழுக்கக் கொண்டு போன அக்வா-லங். போர் முடிந்ததும் துலோன் கடற்படைத் தளத்தில் கூஸ்தோ, ஃபிலிப் தாய்யே, ஃப்ரெடெரிக் டூமா ஆகியோர் ஒரு ஆராய்ச்சிக் குழுவாகச் சேர்ந்தார்கள். அவர்கள் கண் வைத்த இடம், அவிஞ்ஞோன் நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் ஃபோன்தேன் த வோக்ளூஸ்.

வோக்ளூஸ் பிரான்ஸின் மிகப்பெரிய ஊற்று. செங்குத்துப் பாறைச் சுவருக்குக் கீழே ஒரு குளம். கோடையில் அது பச்சை நிறத்தில் அசையாமல் கிடக்கும். மழைக்காலத்திலும் பனி உருகும்போதும் பொங்கி வழிந்து, சோர்க் என்ற ஆறாகவே ஓடும். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருது, அடியில் என்ன இருக்கு? 1878-இல் ஒத்தோநெல்லி என்ற மார்செய் டைவர் கனமான செம்புத் தலைக்கவசத்தோடு 23 மீட்டர் வரைக்கும் இறங்கிப் பார்த்திருந்தார். அதற்கு மேல் பெரிதாக எதுவும் தெரியாது.

1946 ஆகஸ்ட் 27. குழு வந்து இறங்கியது. சிலிண்டர்கள், கயிறுகள், டார்ச்சுகள், கீழே வழிகாட்ட இரும்பு எடை கட்டிய வழிக்கயிறு. சிலிண்டர்களை நிரப்பியது புதிதாக வந்த ஒரு கம்ப்ரஸர். முதல் டைவ் கூஸ்தோவும் டூமாவும். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர் மொரிஸ் ஃபார்க் என்ற கடற்படைக்காரர். பேச வழியில்லை, கயிற்றை இத்தனை தடவை இழுத்தால் இன்ன அர்த்தம் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். சில இழுப்புக்கு 'இன்னும் கயிறு விடு'. நிறைய இழுப்புக்கு 'எங்களை மேலே தூக்கு'.

சுமார் 46 மீட்டர் ஆழம். அங்கே ரெண்டு பேருக்கும் மூளை வேலை செய்யல. எங்கே இருக்கோம், எதுக்கு வந்தோம் என்பதே புரியல. டூமா கிட்டத்தட்டச் செயலிழந்துவிட்டார். அவரையும் பிடித்துக்கொண்டு கூஸ்தோ கயிற்றில் ஏறிப் பார்த்தார். ஏறுவதற்காகக் கயிற்றை இழுத்த ஒவ்வொரு இழுப்பும் மேலே ஃபார்க்கின் கையில் 'இன்னும் கயிறு விடு' என்று போய்ச் சேர்ந்தது. அவரும் விட்டார். கூஸ்தோ இழுக்க இழுக்கக் கயிறு கீழே வந்துகொண்டே இருந்தது. இதைவிடப் பயங்கரமான ஒரு சிஸ்டம் பக்கை நான் கேள்விப்பட்டதில்லை. சிக்னலும் சரி, அதைப் படித்தவரும் சரி, அர்த்தம் மட்டும் தலைகீழ்.

ஒரு கட்டத்தில் ஃபார்க்குக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது. இவ்வளவு கயிறு போகக் கூடாது. 'தூக்கு' என்ற சிக்னலுக்காக அவர் காத்திருக்கவில்லை. தானாக முடிவெடுத்து இழுக்க ஆரம்பித்தார். ரெண்டு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

அதோடு நிறுத்தாமல் அன்றைக்கே தாய்யேயும் இன்னொருவரும் இறங்கினார்கள். அவர்களுக்கும் அதே மயக்கம், அதே தப்பிப்பு.

ஆழத்தில் நைட்ரஜனால் போதை ஏறுவது அவர்களுக்குப் பழக்கம்தான். ஆனால் கடலில் இதைவிட ஆழமாகப் போயிருக்கிறார்கள், அங்கே இப்படி ஆனதில்லை. சந்தேகம் காற்றின் மேல் விழுந்தது. சிலிண்டரில் மீதமிருந்த காற்றைப் பரிசோதித்தபோது கார்பன் மோனாக்சைடு இருந்தது. அந்தப் புதுக் கம்ப்ரஸர், தான் வெளியே விட்ட புகையைத் தானே உறிஞ்சி சிலிண்டருக்குள் அடைத்திருந்தது. கரையில் நின்று கொஞ்ச நேரம் அந்தக் காற்றைச் சுவாசித்தால் பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம். 46 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல 5.6 மடங்கு. ஒவ்வொரு மூச்சிலும் விஷமும் 5.6 மடங்கு.

இங்கே கொஞ்சம் நிக்கலாம். நம்ம துறையில் பேக்கப் பேக்கப்னு உயிரை விடுவோம். ரெண்டு சர்வர் வைப்போம், ரெண்டும் ஒரே பவர் லைனில் தொங்கும். வோக்ளூஸில் நடந்தது அச்சு அசல் அதேதான். ஒருவருக்குத் துணையாக இன்னொரு டைவர் இருந்தார், பல சிலிண்டர்கள் இருந்தன, ரெண்டாவது ஜோடியும் தயாராக இருந்தது. அத்தனையும் ஒரே கம்ப்ரஸரின் காற்று. அன்றைக்குத் தெளிவான மூளையோடு இருந்த பேக்கப், கயிற்றின் மறுமுனையில் சும்மா ஊர்க்காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்த மொரிஸ் ஃபார்க். கூஸ்தோவின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். ஃபார்க்கின் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்?

அடுத்த வருஷம், 1947. அதே குழு, சாதாரணக் காற்றோடு எவ்வளவு ஆழம் போக முடியும் என்று கடலில் சோதனை செய்தது. இந்தத் தடவை கயிற்றின் கீழ்முனையில் ஃபார்க். கயிற்றில் ஆழத்துக்கு ஒன்றாகப் பலகைகள் கட்டியிருந்தார்கள், எட்டியவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கீழே இருந்து 'நலம்' என்ற சிக்னல் வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. மேலே இழுத்தார்கள். ஃபார்க் பிழைக்கவில்லை. பலகைகளைப் பார்த்தபோது 120 மீட்டரில் அவருடைய கையெழுத்து இருந்தது. அக்குழு இழந்த முதல் ஆள் அவர்.

எனக்குத் தோன்றுவது இதுதான். வோக்ளூஸில் கயிறு ஜெயித்ததற்குக் காரணம், கயிறு பிடித்தவர் சிக்னலைத் தாண்டி யோசித்தார். 1947-இல் மேலே இருந்தவர்களும் திறமைசாலிகள், உடனே இழுத்தார்கள். ஆனால் 120 மீட்டரில் காற்றே போதைப்பொருள். அதைக் கயிற்றால் சரிசெய்ய முடியாது. சிலிண்டருக்குள் என்ன இருக்கு என்பதைத்தான் மாற்ற வேண்டும். ஆழமான டைவிங்கில் பிறகு நைட்ரஜனில் ஒரு பங்கை எடுத்துவிட்டு ஹீலியம் சேர்த்தது அதற்காகத்தான்.

இன்றைக்கு லோத் பகுதியில் ரெசல் மாதிரி ஊற்றுகளுக்கு ஜெர்மனி, பெல்ஜியம், பிரிட்டன் என்று பல நாடுகளிலிருந்து குழுவாக வருகிறார்கள். ஒரு வேன் நிறைய சிலிண்டர்கள். தலைக்கு மூன்று விளக்குகள், ஒன்று அணைந்தால் ரெண்டு மிச்சம். முதுகில் இரட்டை சிலிண்டர், ரெகுலேட்டரும் ரெண்டு. சிலர் சிலிண்டர்களை இடுப்புக்கு ரெண்டு பக்கமும் தொங்க விடுவார்கள். பிரிட்டிஷ் குகைக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம், பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஆங்கில பாணி' என்றே சொல்கிறார்கள்.

காற்றுக் கணக்கு ஃப்ளோரிடா குகைகளில் செத்தவர்களின் பாடத்திலிருந்து வந்தது. ஷெக் எக்ஸ்லி 1979-இல் புத்தகமாகவே எழுதினார். மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்பி வர, ஒரு பங்கு தொடவே கூடாது. அது கூட வரும் ஆளுக்கும் சேர்த்து. கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டு 12 லிட்டர் சிலிண்டர், 210 பார் அழுத்தம், மொத்தம் 5,040 லிட்டர் காற்று. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 3 மடங்கு, நிமிஷத்துக்கு 60 லிட்டர் போகும்னு வைங்க. மூன்றில் ஒரு பங்கு என்பது 28 நிமிஷம். பெங்களூரு டிராஃபிக்கில் ஒரு சிக்னல் தாண்டும் நேரம். அதற்குள் திரும்பியாகணும், முன்னாடி எவ்வளவு அழகான குகை நீண்டாலும்.

இந்தக் கணக்கைத் தாண்டிப் போகணும்னா தனி ஆளால் முடியாது. 1991-இல் தோர்தோஞ் பகுதியின் டூ த கோலி ஊற்றில் ஒலிவியே இஸ்லேர் என்ற சுவிஸ் டைவர் 4 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போனார். அதற்கென்றே ஒரு ரீபிரீதர் செய்தார்கள். வெளிவிடும் மூச்சைச் சுத்தம் செய்து திரும்பத் தரும் கருவி. ஒன்று பழுதானால் இன்னொன்று என்று ஒரே கருவிக்குள் தனித்தனிச் சுற்றுகள். பின்னால் ஒரு பெரிய துணைக் குழு.

ஆனா எனக்குப் பிடிச்சது இதைவிட ரொம்பச் சின்ன விஷயம். இப்போது ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்திலும் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கும். என்ன கலவை, எவ்வளவு ஆழம் வரை, எந்தத் தேதியில் சோதித்தது. நிரப்பிக் கொடுத்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், சுவாசிக்கப் போகிறவர் தானே மீட்டர் வைத்துப் பார்த்து, தன் கையால் எழுதி, தன் பெயரைப் போட வேண்டும்.

வோக்ளூஸின் அடிப்பகுதியை இதுவரை எந்த மனிதரும் தொடவில்லை. 1983-இல் யோஹென் ஹாசன்மேயர் என்ற ஜெர்மன் டைவர் 205 மீட்டர் வரை தனியாகப் போய்த் திரும்பினார். 1985-இல் மொதெக்சா 350 என்ற ரோபோ 308 மீட்டரில் மணலைத் தொட்டது. அதற்குக் காற்று தேவைப்படவில்லை. மேலேயிருந்து ஒரு கேபிள் மட்டும். அதைப் பிடிக்க ஆட்கள் இருந்தார்கள்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.