கட்டைவிரலில் பிட்யூட்டரி இருக்கா?

"டாக்டர், பாதத்துல பாயின்ட் அமுக்கினா தைராய்டு சரியாகிடுமாமே, மாத்திரையை நிறுத்திடட்டுமா?" போன வாரம் ஒரு அக்கா கேட்டாங்க. வாங்க, கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

1902, லண்டன். பேலிஸ், ஸ்டார்லிங்னு ரெண்டு பேர். ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, உள்ளே அமிலம் விட்டார்கள். நரம்பே இல்லை, ஆனாலும் கணையம் சுரந்தது! சேதி ரத்தம் வழியாகப் போயிருக்கிறது. இப்படி ரத்தத்தில் சேதி கொண்டுபோகும் பொருளுக்கு 1905-ல் ஸ்டார்லிங் வைத்த பெயர்தான் ஹார்மோன்.

ரிஃப்ளெக்ஸாலஜி அதுக்கப்புறம் வந்தது. அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர் ஃபிட்ஸ்ஜெரால்டு உடம்பை நெடுக 10 மண்டலங்களாகப் பிரித்தார். 1917-ல் புத்தகமும் வந்தது. 1930-களில் யூனிஸ் இங்ஹாம் எல்லா உறுப்பையும் பாதத்தில் வரைந்தார். பிட்யூட்டரிக்குக் கிடைத்த இடம் கட்டைவிரல். இரண்டையும் நேரடியாக இணைக்கும் நரம்பு எதுவும் கிடையாது.

பலனே இல்லையா? 1993-ல் மாதவிடாய்க்கு முந்தைய தொல்லை இருந்த 35 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. காது, கை, பாதம் அமுக்கியதில் தொல்லை குறைந்தது, நிஜம்தான். ஆனா பார்த்தது அவங்க எழுதின அறிகுறி டைரியை. ஹார்மோன் அளவை இல்லை.

அக்காகிட்ட சொன்னேன்: பாதம் தாராளமா அமுக்கிக்கோங்க, சுகமாத்தான் இருக்கும். தைராக்சினை நிறுத்தாதீங்க. டிஎஸ்எச் பார்த்துட்டு டோஸை மாத்தணுமான்னு நான் சொல்றேன்.