எது குறைவோ அது!

2011 தீபாவளிக்கு வந்த ‘ரா ஒன்’ இந்திப் படம் ஞாபகம் இருக்கிறதா? ஷாருக்கான் அதில் சேகர் சுப்ரமணியம் என்கிற தமிழர். நூடுல்ஸில் தயிரை ஊற்றிக் கையால் பிசைந்து சாப்பிடுவார். அதைப் பார்த்து நம்மவர்களுக்கு வந்த கோபத்தில், அந்த மனிதர் என்ன வேலை பார்க்கிறார் என்பதையே பலர் கவனிக்கவில்லை. லண்டனில் வீடியோ கேம் டிசைனர்! மகன் ஆசைப்படுகிறான் என்று, யாராலும் ஜெயிக்க முடியாத ஒரு வில்லனை வைத்து கேம் தயாரிக்கிறார். அது அபாரமாக அமைந்துபோய், வில்லன் திரையைவிட்டு வெளியே வந்து அவரையே கொன்றுவிடுகிறான்.

அந்தப் படத்தோடு நிஜமாகவே ஒரு கேமும் வந்தது. மும்பையைச் சேர்ந்த டிரைன் என்ற நிறுவனம் செய்தது. சோனியின் பிளேஸ்டேஷன் 2, பிளேஸ்டேஷன் 3 இரண்டிலும் ஆடலாம். அதிலிருந்து வில்லன் யாரும் வெளியே வரவில்லை. ஆட உட்கார்ந்தவர்கள்தான் சீக்கிரமே எழுந்து வெளியே வந்தார்கள். போதாத காலம், அதே அக்டோபரில் அதே பிளேஸ்டேஷன் 3-க்கு ‘பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி’யும் வந்தது. விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிய கேம். பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இரண்டையும் வைத்தால் நம்ம ஆள் என்ன ஆவார்?

‘நம்மாளுங்களுக்கு கேம் செய்யத் தெரியாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நிறைய பேர் முடித்தார்கள். ஆனால் சினிமா பெயரை வாங்கி, ரிலீஸ் தேதிக்குள் அவசர அவசரமாக கேம் செய்து மாட்டிக்கொள்வது நாம் கண்டுபிடித்த வித்தை இல்லை. இந்த வம்சத்தின் கொள்ளுத்தாத்தா அமெரிக்காவில் இருக்கிறார். பிறந்த வருஷம் 1982.

அந்த வருஷம் ஜூன் 11-ம் தேதி ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ வெளியானது. வழி தவறி பூமியில் மாட்டிக்கொண்ட வேற்றுக்கிரகக் குழந்தை மாதிரியான ஜந்து, அதற்கு உதவுகிற ஒரு சிறுவன். அமெரிக்காவே அழுதது. அதே சமயம் வீடியோ கேம் உலகில் அடாரி வைத்ததுதான் சட்டம். 1972-ல் தொடங்கிய அந்தக் கம்பெனியை 1976-ல் வார்னர் குழுமம் 2.8 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. ஆறே வருஷம். வார்னர் லாபத்தில் பாதிக்கு மேல் அடாரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. சினிமா, பாட்டு, புத்தகம் எல்லாம் வைத்திருந்த குழுமத்துக்குச் சோறு போட்டது வீட்டு டி.வி.யில் செருகி ஆடுகிற ஒரு கறுப்புப் பெட்டி!

வார்னரின் தலைவர் ஸ்டீவ் ராஸுக்கு ஸ்பீல்பெர்க்கைத் தன் பக்கம் இழுக்க ஆசை. ‘ஈ.டி.’யை வைத்து கேம் செய்யும் உரிமையை வாங்கினார். பேசிய தொகை 2 கோடி டாலருக்கு மேல் என்று சொல்வார்கள். அடாரியின் தலைவர் ரே கஸாருக்கு இது பிடிக்கவில்லை. ஜவுளிக் கம்பெனியிலிருந்து வந்த மனிதர் அவர். கேம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று கம்பெனிக்குள்ளேயே முணுமுணுப்பு உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் கணக்கு சரி. இது உருப்படாத யோசனை என்று ராஸிடமே சொன்னதாகப் பின்னாளில் சொன்னார். யார் கேட்டார்கள்? கையெழுத்து ஆகிவிட்டது.

அடுத்து காலண்டரை எடுத்தார்கள். சரக்கு கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருக்க வேண்டும். அதற்கு முன் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் கேசட் தயாராக வேண்டும். பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தால், புரோகிராம் முடிய வேண்டிய தேதி செப்டம்பர் 1. எண்ணிய அன்றைய தேதி ஜூலை 27.

ஐந்து வாரம். வழக்கமாக ஒரு கேமுக்கு ஐந்தாறு மாதமாவது ஆகும்.

தலையைக் கொடுத்தவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. வயது 25. அவர் செய்த ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ அடாரியின் சிறந்த கேம்களில் ஒன்று என்று இன்றைக்கும் பேசப்படுகிறது. ஆக, ஆள் கற்றுக்குட்டி இல்லை. முடியும் என்றார். சன்மானம் 2 லட்சம் டாலர், கூடவே ஹவாய் தீவுக்கு ஓசிப் பயணம் என்று பேச்சு. ஒன்றரை நாளில் யோசித்து வைத்து, விமானத்தில் போய் ஸ்பீல்பெர்க்கிடம் விளக்கினார். கேட்டுவிட்டு ஸ்பீல்பெர்க், பாக்மேன் மாதிரி ஏதாவது செய்யலாமே என்றாராம். வார்ஷா ஒப்புக்கொள்ளவில்லை. புதுசாகத்தான் செய்வேன் என்று, புரோகிராம் எழுதும் இயந்திரத்தை வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டு ராப்பகலாக எழுதினார்.

எதற்குள் எழுத வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அந்த அடாரி பெட்டியின் தற்காலிக நினைவகம் 128 பைட். மெகாபைட் இல்லை, கிலோபைட்கூட இல்லை. வெறும் பைட். நீங்கள் இப்போது படிக்கிற இந்தத் தமிழ் வாக்கியத்தை இன்றைய கம்ப்யூட்டர் முறைப்படி எழுதினால் அதற்கே அந்த இடம் போதாது.

செப்டம்பர் 1-ல் முடித்தும் கொடுத்துவிட்டார். அது ஒரு சாதனைதான், சந்தேகமே இல்லை. ஆடிப் பார்க்கத்தான் ஆள் இல்லை, நேரம் இல்லை. ஈ.டி. ஊர் ஊராகப் போய், பள்ளங்களில் கிடக்கும் டெலிபோனின் மூன்று துண்டுகளைத் தேடி எடுத்து வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். கதை சரி. ஆனால் ஈ.டி.யின் கால் தரையில் நன்றாக ஊன்றியிருந்தாலும், தலை பள்ளத்தின் படத்தின்மேல் பட்டுவிட்டால் போதும், தொபுக்கடீர்! கழுத்தை நீட்டி மெள்ள மெள்ள மேலே வந்து ஒரு அடி வைத்தால் மறுபடி தொபுக்கடீர். எட்டு வயசுப் பையன் எத்தனை தடவை விழுவான்?

சுமார் 40 லட்சம் கேசட் தயாரித்தார்கள். விற்றது சுமார் 15 லட்சம். நன்றாகக் கவனியுங்கள், 15 லட்சம் என்பது அந்தக் காலத்தில் பெரிய வெற்றி. 2 கோடி டாலரை உரிமைக்கே கொட்டிவிட்டதால்தான் அது தோல்வி. பையன்களின் தீர்ப்பு கிறிஸ்துமஸ் பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் வந்தது. அப்போதைய கேம் பத்திரிகைகளோ மாதப் பத்திரிகைகள். டிசம்பரில் வந்த கேமை டிசம்பருக்குள் அலசி எச்சரிக்க வழியே இல்லை.

பழியை ஈ.டி. தலையில் மட்டும் கட்டுவதும் தப்பு. அதே 1982 மார்ச்சில் அடாரி வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்த ‘பாக்மேன்’, மின்னி மின்னி மறைகிற பேய்களோடு வந்து சலிப்பைக் கிளப்பியது. அது 70 லட்சத்துக்கு மேல் விற்றது, அதற்கும் மேல் மிஞ்சியது. இன்னொரு கூத்து. 1982 முழுவதற்குமான ஆர்டரை முந்தின வருஷம் அக்டோபரிலேயே கொடுத்துவிடுங்கள் என்று அடாரி வியாபாரிகளிடம் கேட்டது. சரக்குக்குத் தட்டுப்பாடு இருந்த நேரம். நம்ம ஊரில் சிமென்ட் தட்டுப்பாடு காலத்தில் என்ன செய்வோம்? பத்து மூட்டை வேண்டுமென்றால் இருபது கேட்போம், பாதியாவது கிடைக்கட்டும் என்று. அவர்களும் அதையே செய்தார்கள். அடாரி அத்தனையையும் நிஜமான தேவை என்று எடுத்துக்கொண்டது. பி.காம். முதல் வருஷ மாணவன் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான் என்று சொல்ல ஆசை. செய்வான்.

1982 டிசம்பர் 7. எதிர்பார்த்த வளர்ச்சி இருக்காது என்று வார்னர் அறிவித்தது. மறுநாள் பங்கு விலையில் மூன்றில் ஒரு பங்கு அம்பேல். அறிவிப்புக்கு 23 நிமிஷம் முன்னால் கஸார் தன்னிடமிருந்த பங்குகளில் 5,000-ஐ விற்றிருந்தார். வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை, லாபத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொண்டார். 1983 ஜூலையில் வீட்டுக்குப் போனார். அந்த ஒரு வருஷத்தில் அடாரி இழந்தது 50 கோடி டாலருக்கும் மேல். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. வார்ஷாவும் வெளியே. பல வருஷம் பல வேலை பார்த்து, கடைசியில் மனநல ஆலோசகர் ஆனார்.

மிஞ்சிய சரக்கு என்ன ஆச்சு? கணக்குப் புத்தகத்தில் சரக்கிருப்பை மதிப்பிட ஒரு விதி உண்டு. அடக்க விலை, சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அது. யாருமே வாங்காத கேசட்டின் சந்தை விலை என்ன? பூஜ்யம். குடோன் வாடகையைச் சேர்த்தால் பூஜ்யத்துக்கும் கீழே. 1983 செப்டம்பரில் டெக்சாஸ் மாநிலம் எல் பாஸோவிலிருந்து லாரி லாரியாகக் கொண்டுபோய், நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகார்டோ குப்பைக் கிடங்கில் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டு மூடினார்கள்.

ஏன் திருத்தி விற்கக் கூடாது? எங்கள் நல்லூர்ப் பக்கத்திலிருந்து விருத்தாசலம் பீங்கான் பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் மூக்கு கோணியிருந்தால் கவலையில்லை, கரைத்து மறுபடி வார்த்துக்கொள்ளலாம். சூளைக்குள் போய் வெந்து வந்துவிட்டால் அவ்வளவுதான். அது திரும்ப மண் ஆகாது. விரிசல் விட்டதெல்லாம் வெளியே குவியலில்தான். அந்தக் கால கேம் கேசட்டும் அப்படியே. சிப்பில் பதித்தது பதித்ததுதான், ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அதனால் சூளையில் ஏற்றுவதற்கு முன் மூக்கைப் பார்க்க வேண்டும். பார்க்கிற அந்த நேரத்தைத்தான் காலண்டர் தின்றுவிட்டது. 2013-ல் ஒரு ரசிகர் பொழுதுபோகாமல் உட்கார்ந்து ஈ.டி.யின் புரோகிராமைத் திருத்திக் காட்டினார். தலை பட்டாலும் பள்ளத்தில் விழாத ஈ.டி.! செய்ய வேண்டியிருந்த மாற்றம் ஒன்றும் பிரமாதமானது இல்லை. முப்பது வருஷம் தாமதம், அவ்வளவே.

அமெரிக்க வீட்டு கேம் வியாபாரமே இதற்கப்புறம் படுத்துவிட்டது. 1983-ல் சுமார் 320 கோடி டாலர், 1985-ல் சுமார் 10 கோடி. அந்த இடிபாட்டில்தான் ஜப்பானின் நிண்டெண்டோ நுழைந்தது. வெளியார் கேம் செய்யலாம், ஆனால் வருஷத்துக்கு ஐந்துக்கு மேல் கூடாது. எங்கள் முத்திரை வேண்டும். அனுமதி இல்லாத கேசட்டைப் பெட்டியே ஏற்றுக்கொள்ளாதபடி உள்ளே ஒரு பூட்டுச் சிப்.

நம்ம ஊருக்கு அந்தப் பெட்டியின் நகல்கள்தான் பெரும்பாலும் வந்தன. பூட்டும் இல்லை, முத்திரையும் இல்லை. ‘9999 இன் 1’ என்று போட்ட மஞ்சள் கேசட்டைப் பர்மா பஜாரில் வாங்கி வந்து எண்ணிப் பார்த்தால் பத்தோ பதினைந்தோ கேம் திரும்பத் திரும்ப வரும். பிடிக்கவில்லையா, அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். எந்த விமர்சகருக்கு அங்கே வேலை?

வேலை பின்னால் வந்தது. 2001-ல் தொடங்கிய மெட்டாக்ரிட்டிக் என்ற இணையதளம், எல்லா விமர்சனங்களையும் கூட்டிக் கழித்து ஒவ்வொரு கேமுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டது. ப்ளஸ் டூ கட்-ஆஃப் மார்க்கில் அரை மார்க்குக்காகச் சீட்டு போனவர்களுக்கு இந்தக் கதை புரியும். 2010-ல் ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ கேமைச் செய்த அப்ஸிடியன் நிறுவனத்துக்கு, 85 மார்க் வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் இல்லை. பதிப்பித்த கம்பெனி மட்டும் நன்றாகச் சம்பாதித்தது.

மார்க் போடுகிறவர்களுக்கே டிமிக்கி கொடுத்ததும் உண்டு. 2020 டிசம்பர் 10-ல் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ‘சைபர்பங்க் 2077’-ஐ வெளியிட்டது. முன்பதிவு மட்டும் 80 லட்சம். விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது கம்ப்யூட்டரில் ஆடும் பதிப்பை மட்டும். பழைய பிளேஸ்டேஷன் 4-ல் ஆடினால் எப்படித் தடுமாறுகிறது என்பது, காசு கொடுத்தவர்கள் வீட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டது. 38 வருஷத்துக்குப் பிறகும் கிறிஸ்துமஸ்! ஒரே வித்தியாசம், இது வெந்த பொம்மை இல்லை. இணையம் வழியாகத் திருத்தித் திருத்தி அனுப்ப முடிந்தது. 2021 ஜூனில் கடைக்குத் திரும்பியது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ‘ரா ஒன்’னுக்கு முன்பே, 2009-ல், ஹைதராபாத்தின் அவுரோனா நிறுவனம் பிளேஸ்டேஷன் 2-க்கு ‘ஹனுமான்: பாய் வாரியர்’ செய்தது. முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் கேம் என்ற பெருமையோடு சோனி வெளியிட்டது. விலை 499 ரூபாய். உடனே அமெரிக்காவிலிருந்து ராஜன் ஸெட் என்ற இந்து அமைப்புத் தலைவர் எதிர்ப்புக் கிளப்பினார். கும்பிடுகிற தெய்வத்தை ஜாய்ஸ்டிக்கில் ஆட்டி வைப்பதா, திரும்பப் பெறு என்று. செய்திகள் முழுக்க அந்தச் சண்டைதான். கேம் எப்படி இருக்கிறது என்று ஆடிப் பார்த்து எழுதியவர்கள் குறைந்த மார்க்தான் போட்டார்கள். அது பெரிதாக யார் காதிலும் விழவில்லை. என்னைக் கேட்டால் அந்த கேமுக்கு நேர்ந்த பெரிய அநியாயம் அதுதான். திட்டு வாங்கியது பக்திக் குறைவுக்காக. வாங்கியிருக்க வேண்டியது வேலைக் குறைவுக்காக. அந்தத் திட்டு கிடைத்திருந்தால் அடுத்த கேம் செய்கிறவருக்காவது உபயோகப்பட்டிருக்கும்.

அதே புராண வாசனையோடு, சினிமா பெயரோ தீபாவளித் தேதியோ இல்லாமல் பூனாவில் ஒரு சின்னக் குழு வேலை பார்த்தது. நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ். 2017-ல் பொதுமக்களிடம் இணையத்தில் நிதி கேட்டார்கள், கேட்ட தொகை சேரவில்லை. நிறுத்தவில்லை. குழுவில் ஒருவர் தன் ஃப்ளாட்டையே விற்றார். 2020 ஆகஸ்டில் ‘ராஜி’ நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் வந்தது. அந்த வருஷத்தின் சிறந்த அறிமுக கேம் என்ற சர்வதேசப் பரிசுக்குப் போட்டியிட்டவற்றில் அதுவும் ஒன்று. விமர்சகர்கள் ஓவியத்தை, கோட்டைகளை, இசையை மனசாரப் பாராட்டினார்கள். கதை சட்டென்று அறுந்த மாதிரி முடிகிறது என்றும், சண்டைக் காட்சிகள் சில இடங்களில் இழுவை என்றும் சொன்னார்கள். பக்தியைப் பற்றி யாரும் பேசவில்லை.