ஸ்டாட்ஸ்டி

ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் செயல்பாட்டு எண்களைக் கண்காணிப்பு சர்வருக்கு அனுப்ப உதவும் சிறு மென்பொருள். பெயரின் கடைசி ‘டி’, பின்னணியில் இடைவிடாமல் ஓடும் ‘டீமன்’ வகை நிரலைக் குறிக்கும்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 1995இல் டோபியாஸ் ஓட்டிக்கர் வெளியிட்ட எம்ஆர்டிஜி, நெட்வொர்க் போக்குவரத்தை வரைபடமாக்கியது. ஆர்பிட்ஸ் பயண நிறுவனத்தில் கிறிஸ் டேவிஸ் உருவாக்கிய வரைபடக் கருவியான கிராஃபைட், 2008இல் திறமூலமானது.

பெயரும் கருத்தும் புகைப்படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கரிலிருந்து வந்தவை. அங்கே கால் ஹெண்டர்சன் பெர்ல் மொழியில் ஒன்றை எழுதியிருந்தார். இன்று புழங்குவதோ, கைவினைப் பொருள் சந்தையான எட்ஸி 2011 பிப்ரவரியில் வெளியிட்ட நோட்.ஜேஎஸ் வடிவத்தின் வழி வந்தது. அதை எழுதியவர் எரிக் காஸ்ட்னர். உலகுக்கு அறிமுகப்படுத்திய கட்டுரை இயன் மால்பாஸுடையது. ஆகவே ‘உருவாக்கியவர்’ என ஒருவரை மட்டும் சுட்டுவது கடினம்.

செய்தி ஒரே வரி: அளவையின் பெயர், முக்காற்புள்ளி, எண், நிமிர்கோடு, வகையைச் சொல்லும் எழுத்து. எண்ணிக்கைக்கு ‘சி’, கால அளவுக்கு ‘எம்எஸ்’. டெர்மினலில் கையாலேயே தட்டி 8125ஆம் போர்ட்டுக்கு அனுப்பலாம். சற்று நேரத்தில் அது வரைபடத்தில் புள்ளியாக எழும். வந்தவற்றை 10 நொடிக்கு ஒருமுறை கூட்டி, சராசரி கண்டு, கிராஃபைட்டிடம் சேர்ப்பதே ஸ்டாட்ஸ்டியின் வேலை. போக்குவரத்து மிகுந்தால் பத்தில் ஒன்றை மட்டும் அனுப்பி, 0.1 என்ற குறிப்பையும் சேர்த்தால் போதும். சர்வர் பத்தால் பெருக்கிக்கொள்ளும்.

அனுப்பும் வழி யூடிபி. சேர்ந்ததா என்று நிரல் காத்திருப்பதில்லை. கண்காணிப்பு சர்வர் விழுந்தாலும் கடை நடக்கும். வழியில் தொலைந்த எண் தொலைந்ததுதான். இந்தத் துணிவால்தான் எட்ஸியில் எதையும் அளக்க ஒரு வரி நிரல் போதுமாயிற்று. புதிய நிரலை வெளியிட்ட நேரங்களை அவர்கள் வரைபடங்களில் செங்குத்துக் கோடுகளாக வரைந்தார்கள்; கோட்டை ஒட்டி வளைவு சரிந்தால், எந்த மாற்றத்தைச் சந்தேகிப்பது என்று கண்ணாலேயே தெரியும்.

நிரல் அனுப்ப வேண்டுமா, சர்வர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. 2012இல் இசைத் தளமான சவுண்ட்கிளவுடில் தொடங்கிய கண்காணிப்பு மென்பொருள் ப்ரோமிதியஸ் இரண்டாம் வழியைத் தேர்ந்தது. குறுகிய நேரமே ஓடி முடியும் நிரல்களுக்கு முதல் வழி ஏற்றது என்பதை இரு தரப்பும் பெரும்பாலும் ஏற்கின்றன.

பின்னர் கண்காணிப்பு நிறுவனமான டேட்டாடாக், ஸ்டாட்ஸ்டியின் செய்தி வடிவத்தில் குறிச்சொற்களைச் சேர்த்தது. 2019இல் உருவான திறமூலக் கண்காணிப்புத் திட்டமான ஓபன்டெலிமெட்ரியின் சேகரிப்பானிலும் ஸ்டாட்ஸ்டி வரிகளைப் பெறும் வசதி உண்டு.