படுக்கை கொடுத்தவர்கள்: மதுரைக் குன்றுகளில் ஒரு பகல்

சித்தப்பா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். கொலராடோவில் மேசா வெர்டே என்ற இடத்துக்குப் போய்வந்த படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். செங்குத்துப் பாறையின் மடிப்புக்குள் அடுக்கடுக்காக வீடுகள். அதில் பெரியதற்கு 'கிளிஃப் பேலஸ்' என்று பெயர், ஏறக்குறைய 150 அறைகள். பியூப்ளோ மக்களின் முன்னோர்கள் 13-ஆம் நூற்றாண்டில் குடியிருந்துவிட்டு, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் விட்டுப் போன இடம். டிக்கெட் வாங்கினால் பூங்கா அலுவலர் ஒருவர் ஏணியில் ஏற்றிக் கூட்டிப்போய்க் காட்டுகிறாராம். தனியாக உள்ளே போக முடியாது.

"இதைவிட ஆயிரத்து ஐந்நூறு வருஷம் பழசு நம்ம ஊர்லயே இருக்குடா" என்று நான் பதில் போட்டேன். டிசம்பர் லீவுக்கு வந்தவன், பத்து வயசுப் பையனையும் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "எங்கண்ணே, காட்டுங்க."

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஒரு பத்துப் பதினைந்து இடங்களிலாவது பழந்தமிழ் எழுத்து இருக்கிறது. தமிழி என்றும் தமிழ் பிராமி என்றும் சொல்கிறோமே, அதுதான். இவற்றைச் சுற்றிக்காட்ட சீருடை போட்ட ஆள் யாரும் கிடையாது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010-இல் தொடங்கிய பசுமை நடை நண்பர்கள் கூட்டமாக அழைத்துப்போவார்கள். தொல்லியல் அறிஞர்கள் வெ. வேதாசலம், சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறையடியில் நின்றே விளக்கம் சொல்வார்கள். நானும் அப்படிப் போய்க் கற்றுக்கொண்டவன்தான். நாங்கள் போன அன்று நடை எதுவும் இல்லை. அதனால் இந்தக் குன்றுகளைப் பல வருஷமாகச் சுற்றிவரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை வேண்டிக் கேட்டுக் கூட்டிக்கொண்டோம். பேரைப் போட வேண்டாம் என்றார். வாத்தியார் என்றே வைத்துக்கொள்வோம்.

காலை ஆறரைக்கு கீழக்குயில்குடி. தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில், அதற்குப் பின்னால் சமணமலை. மதுரைக்காரர்கள் சினிமா ஷூட்டிங்கில் பார்த்துப் பழகிய இடம். மலையின் தென்மேற்கில் இருக்கும் செட்டிப்புடவுக்கு முதலில் ஏறினோம். குகை வாசலில் பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள், புடவுக்கும் அதே பேர். உள்ளே தலைக்கு மேல் வரிசையாக ஐந்து சிற்பம். அதில் சிங்கத்தின் மேல் வில்லோடு ஒரு பெண், எதிரே யானை மேல் ஒருவன். பையன் அதைவிட்டு நகரவே இல்லை.

சித்தப்பா மகன் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டான்: "சமணர்களைக் கழுவுல ஏத்துனது இங்கயாண்ணே?"

வாத்தியார் இதற்குக் கோபப்படவில்லை. "தம்பி, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு. கழுவேற்றத்தை விரிவாச் சொல்ற பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. நீங்க இப்ப பாக்குற சிற்பமெல்லாம் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு. நடுவுல நிக்குது பாருங்க." அவ்வளவுதான் சொன்னார். மலையின் இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளத்தில் வட்டெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. அதாவது கதைப்படி எல்லோரும் ஒழிந்துபோனதற்கு இருநூறு வருஷத்துக்கு அப்புறம், ஒரு சமணத் துறவியின் அம்மா இந்த மலையில் சிலை செதுக்க வைத்து அதைத் தன் பேரில் எழுதியும் வைக்கிறார். மோதலே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே நாளில் துடைத்து எடுத்த கதைக்கு இந்தப் பாறை சாட்சி சொல்ல மறுக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் என் தம்பிக்கு வேறொரு குறை. "சாமி இருக்கு, சரி. வீடு எங்கண்ணே?"

அதற்குத்தான் கொங்கர்புளியங்குளம் போனோம். திருமங்கலம் சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய ஊர். இங்கே குகைத்தளத்தில் ஐம்பதுக்கும் மேலான படுக்கைகள். பாறையை ஆள் நீளத்துக்குச் செதுக்கி வழவழவென்று தேய்த்து, தலைமாட்டில் மட்டும் கொஞ்சம் மேடாக விட்டிருக்கிறார்கள். அதுதான் தலையணை. பையன் படுக்கப் போனான், வாத்தியார் தடுத்துவிட்டார். "ஒவ்வொருத்தனும் படுத்துப் பாத்தா இன்னும் ரெண்டாயிரம் வருஷம் தாங்காதுப்பா." ஏற்கெனவே பல படுக்கைகளில் ஆணியால் கீறிய காதலர் பெயர்கள், இதயக்குறி, பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு. கல்வெட்டில் பேர் வெட்டும் ஆசை நமக்கு இன்னும் போகவில்லை என்று சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

அப்புறம் அண்ணாந்து பார்க்கச் சொன்னார். குகையின் புருவத்தில் குறுக்காக ஒரு வரி வெட்டியிருந்தது. காடி என்பார்கள். மழைநீர் பாறையில் வழிந்து உள்ளே வராமல் இந்த விளிம்பில் அறுந்து வெளியே சொட்டும். காடிக்குக் கீழேதான் எழுத்து. காலை வெயில் சாய்ந்து விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும், அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். உச்சிவெயிலில் வந்தால் வெறும் பாறைதான். அறிஞர்கள் படி எடுக்கும்போது நனைத்த தாளைப் பாறையில் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்துப் பள்ளத்துக்குள் அமுக்கி, காய்ந்ததும் மேலே மையொற்றுவார்கள். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும்.

மூன்று கல்வெட்டு இங்கே. அதில் ஒன்று, கூரை கொடுத்தவன் உபசன் என்கிறது. இன்னொன்றில் பாகனூரைச் சேர்ந்த பேராதன் பிட்டன் என்ற பெயர். இந்தக் 'கூரை'தான் என் தம்பியின் கேள்விக்குப் பதில். இப்படிப்பட்ட பல குகைத்தளங்களின் முன்னால் பாறையில் கால் நடும் குழிகள் இருக்கின்றன. முன்பக்கம் கம்பு நட்டுக் கீற்று வேய்ந்திருந்திருக்கிறார்கள். கீற்று போய்விட்டது, கல் மட்டும் நிற்கிறது. நாம் குகை என்று பார்ப்பது ஒரு வீட்டின் பின்சுவரை. மேசா வெர்டேயில் சுவர் தங்கியதற்குக் காரணம் அது கல்லும் சாந்தும், போதாததற்கு வறண்ட பூமி. இங்கே ஐப்பசி மழைக்கு ஓலை எத்தனை வருஷம் நிற்கும்?

மழை என்றதும் இன்னொன்று. சமணத் துறவிகள் ஓரிடத்தில் தங்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மழைக்கால நான்கு மாதம் மட்டும் விதிவிலக்கு, மண்ணில் பெருகும் சிற்றுயிர்களை மிதித்துவிடக்கூடாது என்பதால் ஓரிடத்தில் இருப்பார்கள். அந்தத் தங்கலுக்குத்தான் இந்த ஏற்பாடு. நிரந்தரமாக ஒளிந்து வாழ்ந்த இடம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகக்கூட இருக்கும். இந்தக் குன்றுகள் காட்டுக்குள் இல்லை, பெருவழிகளை ஒட்டியே இருக்கின்றன. துறவிக்குப் பிச்சை வேண்டும், பிச்சைக்கு ஊர் வேண்டும்.

செலவை யார் செய்தது? வாத்தியாருக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழகர்மலைக் கல்வெட்டுகளை விரல்விட்டுச் சொன்னார். உப்பு வணிகன் ஒருவன். பாணித வணிகன் ஒருவன், பாணிதம் என்றால் வெல்லப்பாகு. கொழு வணிகன், அதாவது ஏர்முனை விற்றவன். துணி விற்ற அறுவை வணிகன். மதுரைப் பொற்கொல்லன். "பூராம் நம்ம கீழமாசி வீதிக்காரங்க" என்றார். ராஜா இல்லாமல் இல்லை. மாங்குளம் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது, அவனுடைய அலுவலன் கடலன் வழுதி கணி நந்தன் என்ற துறவிக்குப் பள்ளி செய்து கொடுத்திருக்கிறான். 1882-இல் ராபர்ட் சீவெல் அந்தக் கல்வெட்டைக் கண்டறிந்தார். அது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய அய்யர் நிறுவியது 1924-இல். நெடுஞ்செழியனை அடையாளம் காட்டியவர் ஐராவதம் மகாதேவன், 1960-களில். காலம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்பது அவர் கணிப்பு. ஆனால் அதே மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தார், அதாவது வணிகர் குழுவினர், கொடுத்த கொடையும் பதிவாகியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் நெடுஞ்செழியன் வருகிறான், நிகமத்தார் வருவதில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மேலூர் ரோடு. ஒத்தக்கடையில் யானைமலை படுத்துக்கிடக்கிறது. 2010-இல் அதைச் சிற்ப நகரமாக்கப் போகிறோம் என்று பேச்சு எழுந்து, மக்கள் எதிர்த்து நின்றது. பசுமை நடை பிறந்ததற்கும் அதுதான் காரணம். கொஞ்ச தூரத்தில் வெள்ளரிப்பட்டி என்று போர்டு. நிகமத்தாரின் வெள்ளறை இதுவாக இருக்கலாம் என்று அறிஞர்கள் சொல்வதை வாத்தியார் சொன்னார். தம்பி காரை நிறுத்தி அந்தப் போர்டைப் படம் எடுத்தான். சிற்பங்களைக்கூட அவன் அவ்வளவு அக்கறையாக எடுக்கவில்லை.

மாங்குளம் ஏற்றம் பையனுக்கு ஆகாது என்று நேரே கீழவளவு போய்விட்டோம். அரிட்டாபட்டியும் விட்டுப்போயிற்று. அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. இரண்டே வருஷத்தில் அந்தப் பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. கிராமசபைத் தீர்மானம், சட்டமன்றத் தீர்மானம், மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் மதுரைக்கு நடந்து வந்த பேரணி என்று ஊரே எழுந்த பிறகு, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

கீழவளவில் அப்படி நடக்கவில்லை. பஞ்சபாண்டவர் மலை நிற்கிறது. இங்கே எந்தக் குகையைக் கேட்டாலும் பஞ்சபாண்டவர் படுத்த இடம்தான், வனவாசத்தில் அவர்கள் மதுரையைத் தாண்டவே இல்லை போல. அதைச் சுற்றியுள்ள மலைகளைத்தான் பாளம்பாளமாக அறுத்து எடுத்துவிட்டார்கள். 2012-இல் கிரானைட் முறைகேடு வெளியே வந்தது. 2014-இல் உயர்நீதிமன்றம் சகாயம் ஐ.ஏ.எஸ்.ஸை விசாரிக்க நியமித்தது. வழியில் பச்சைத் தண்ணீர் தேங்கிய குழிகளும், எண் எழுதிய கல் துண்டுகளும் இன்னும் கிடக்கின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்கு எதுவும் கூடாது, அதற்கு மேல் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்கிறது மத்தியச் சட்டம். அளவுநாடாவுக்கு 300 மீட்டர் சரி. உப்பு வண்டி வந்த பாதையும், துறவி பிச்சைக்குப் போன ஊரும், குகையிலிருந்து தெரிந்த அடுத்த மலையும் அந்தக் கணக்கில் வராது. அதெல்லாம் இல்லாமல் அந்தப் படுக்கை ஏன் அங்கே இருக்கிறது என்று பையனுக்கு எப்படிச் சொல்வது?

கீழவளவுக் கல்வெட்டில் ஒரு வேடிக்கை உண்டு. தொண்டியைச் சேர்ந்த ஒருவர் செய்து கொடுத்த பள்ளி என்று படிக்கிறார்கள். கடற்கரைத் துறைமுகத்து ஆள் இவ்வளவு தூரம் வந்து கொடுத்திருக்கிறார். ஆனால் எழுத்துகள் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஏன்? என் ஊகம் இது: வெட்டிய கல்தச்சனுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்காது. யாரோ எழுதிக் கொடுத்ததைத் திருப்பிப் பிடித்து, உரு பிசகாமல் வெட்டிவிட்டான். மேலேயிருந்து தொங்கிக்கொண்டு வெட்டினான் என்றும் சொல்லலாம்தான். எனக்கு முதல் ஊகம்தான் பிடித்திருக்கிறது. கொடுத்தவர் பேர் இருக்கிறது, வாங்கியவர் தங்கிய தடம் இருக்கிறது, உளிபிடித்தவன் தன் பிழையால் மட்டும் அந்த வாக்கியத்துக்குள் நுழைந்திருக்கிறான். தொண்டிக்காரர் வந்து பார்த்துத் திட்டினாரா, சரி போகட்டும் என்று கூலியைக் கொடுத்தாரா?

மணி ஐந்தாகிவிட்டது, வெயில் சாய்ந்து எழுத்து எழுந்து வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அது என்னன்னுய்யா எழுதிருக்கு? நானும் எம்புட்டு வருஷமாப் பாக்குறேன்" என்று கேட்டார். வாத்தியார் படித்துச் சொன்னார். "தொண்டியா? அங்கதான எம் மக வாக்கப்பட்டிருக்கா" என்றார் அந்த அம்மா.

காலையில் வாத்தியார் பையனுக்கு ஒரே ஒரு எழுத்துக் கற்றுக்கொடுத்திருந்தார். கூட்டல் குறி போல இருக்கிறதே, அதுதான் 'க'. அவன் இப்போது பாறைக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, காலிடுக்கு வழியாக அந்த வரியில் அதைத் தேடிக்கொண்டிருந்தான்.