அட்டையில் ஒரு பெயர், உள்ளே பல கைகள்



தோட்டத்து வாழ்க்கையை அறிந்த நமக்குச் செக்ரோல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நாளில் விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவர் பெயருக்கு நேரே குறி விழும். நாள் முழுவதும் பால் மரம் வெட்டி, வாளி சுமந்து, தோள் காய்த்துப் போனாலும், கிராணியாரின் ஏட்டில் குறி விழாவிட்டால் அன்றைய வேலை வேலையாகாது, சம்பளமும் வராது. பெயர் விடுபடுவது சின்ன விஷயமல்ல என்பதை நம் பாட்டன் பாட்டிமார் அனுபவத்தில் கண்டவர்கள்.

புத்தக உலகத்திலும் அப்படியொரு செக்ரோல் உண்டு. நூலின் முகப்புப் பக்கம்தான் அது. அங்கே யார் பெயர் இருக்கிறதோ அவரே அந்நூலைச் செய்தவர் என்று உலகம் நம்புகிறது. உண்மையில் அந்த வேலையைச் செய்தவர்கள் எத்தனை பேர்? யார் பெயர் பதிந்தது, யார் பெயர் விடுபட்டது? தமிழ் அகராதிகளின் கதையை வைத்து இன்று இதைப் பார்ப்போம்.

ஏன் அகராதி? ஒரு கதையையோ கவிதையையோ ஒருவர் தனியே உட்கார்ந்து எழுதிவிடலாம். அகராதியை அப்படி எழுத முடியாது. உழவனின் சொல், தச்சனின் சொல், வைத்தியரின் சொல், புலவரின் சொல் எல்லாம் அதில் வரவேண்டும். எல்லாத் தொழிலும் தெரிந்த மனிதர் உலகில் உண்டா? ஆகவே அகராதி என்பது எப்போதுமே பலர் கைபட்ட வேலை.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் இந்த வேலை மும்முரமாக நடந்தது. நல்லூரில் பணியாற்றிய ஜோசப் நைட் என்ற பாதிரியார் தமிழ்ச் சொற்களைத் திரட்டத் தொடங்கினார். வேலை முடியுமுன்னே அவர் காலமானார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துத் தாள்கள் மற்றவர் கைக்குப் போயின. 1842-ஆம் ஆண்டு மானிப்பாயில் ஒரு தமிழ் அகராதி அச்சாகி வெளிவந்தது. ஏறக்குறைய 58,500 சொற்கள் கொண்ட அந்த நூலைத் தொகுத்தவர்கள் சந்திரசேகர பண்டிதரும் சரவணமுத்துப்பிள்ளையும். ஆனால் மக்கள் வாயில் அது "மானிப்பாய் அகராதி", "யாழ்ப்பாண அகராதி" என்றே நின்றது. ஊரின் பெயர் நிலைத்தது. உழைத்தவர் பெயரைச் சிலரே அறிவார்கள்.

அதன் பின்னர் 1862-இல் சென்னையில் ஒரு பெரிய தமிழ்–ஆங்கில அகராதி வெளியாயிற்று. அமெரிக்கப் பாதிரியார் மிரன் வின்சுலோ அதன் ஆசிரியர். அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. வின்சுலோ பெரும் உழைப்பாளி. அதை நாம் மறுக்கக் கூடாது. அவர் நேர்மையும் உள்ளவர். நைட் பாதிரியாரின் கையெழுத்துத் தாள்களைப் பயன்படுத்தியதையும், உள்நாட்டு அறிஞர்கள் துணைநின்றதையும் முகப்புப் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் பாருங்கள், பாதிரியாருக்குப் பெயர் இருக்கிறது. தமிழ் அறிஞர்களுக்கோ அந்தப் பக்கத்தில் பெயரில்லை. "உள்நாட்டு அறிஞர்கள்" என்ற பொதுச்சொல்தான் கிடைத்தது. "கூலியாட்கள் இருபது பேர்" என்று எழுதிவைத்தால் எப்படியிருக்கும்? அதைப் போலத்தான் இதுவும். இன்றுவரை அந்நூலை "வின்சுலோ அகராதி" என்றே சொல்கிறோம்.

அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் வேறொரு வழியைக் கண்டார்கள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியரான ஜேம்ஸ் மரே 1879-இல் பொதுமக்களுக்கு ஓர் அழைப்பு விடுத்தார். நீங்கள் படிக்கும் புத்தகத்தில் ஒரு சொல் எப்படி வழங்குகிறது என்று ஒரு சீட்டில் எழுதி, நூலின் பெயரோடு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. அவற்றை அகரவரிசையில் அடுக்குவதற்கு மரேயின் சொந்தப் பிள்ளைகளே உட்கார்ந்தார்கள். அதற்குக் கைக்காசும் பெற்றார்கள். வேலை முடிய 1928 ஆயிற்று. மரே அதைப் பார்க்கவில்லை, 1915-லேயே இறந்துவிட்டார். ஆனால் சீட்டு அனுப்பியவர்களில் பலருடைய பெயர்கள் முன்னுரைகளில் அச்சேறின. செக்ரோல் ஓரளவு சரியாக எழுதப்பட்டது என்று சொல்லலாம்.

தமிழுக்கு மீண்டும் வருவோம். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி வேலை தொடங்கியது. சாண்ட்லர் என்ற பாதிரியார் மதுரையில் அதை ஆரம்பித்தார். வின்சுலோவின் அகராதியே அதற்கு அடிப்படையாக இருந்தது. அதாவது, யாழ்ப்பாணத்தில் நைட் பாதிரியாரும் தமிழ்ப் புலவர்களும் திரட்டிய சொற்கள் கைமாறிக் கைமாறி இங்கும் வந்து சேர்ந்தன. மு. இராகவையங்கார் முதலிய தமிழ்ப் பண்டிதர்கள் பல ஆண்டுகள் இதில் உழைத்தார்கள். 1926 முதல் பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து வேலையை முடித்துவைத்தார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள் வந்தன. அவற்றில் 1,04,405 சொற்கள். 1939-இல் வந்த அநுபந்தத்தில் மேலும் 13,357 சொற்கள். ஒருவர் தொடங்கினார், மற்றொருவர் முடித்தார், இடையில் எத்தனையோ பேர் மை தொட்டு எழுதினார்கள்.

இவ்வளவும் தாளும் பேனாவும் இருந்த காலத்துக் கதை. கணினி வந்த பிறகு என்ன நடந்தது?

கணினியில் தமிழை எழுத வழி பிறந்ததில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் உலகத் தமிழர் பலருக்கு எழுத்தைக் கைக்குக் கொடுத்தது. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் என்ற முயற்சி தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அதை முன்னின்று நடத்தினார். பழந்தமிழ் நூல்களைப் பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்தார்கள். வேறு சிலர் பிழை திருத்தினார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த மின்னூல்களின் தொடக்கத்தில், தட்டச்சு செய்தவர் யார், பிழை பார்த்தவர் யார் என்று பெயர் குறித்தார்கள். அச்சுப் புத்தகத்தில் அச்சுக்கோத்தவருக்கு அந்த மரியாதை கிடைத்ததுண்டா?

2001-இல் விக்கிப்பீடியா என்ற பொதுக் கலைக்களஞ்சியம் ஆங்கிலத்தில் பிறந்தது. 2003-இல் தமிழிலும் தொடங்கியது. அதன் தங்கையாக விக்சனரி என்ற அகராதியும் வளர்ந்தது. அங்கே யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஆனால் யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்ற கணக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் உண்டு. சிலர் புனைபெயரில் எழுதுவார்கள். ஆனாலும் கணக்கு இருக்கும். அங்கிருந்து எடுத்து நாம் பயன்படுத்தலாம்; எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லியாக வேண்டும் என்பது நிபந்தனை. இதை மறந்து, பலர் எழுதியதை அப்படியே எடுத்துத் தம் பெயரைப் போட்டுக்கொள்வோர் இன்றும் இருக்கிறார்கள். அடுத்தவர் வெட்டிய பாலைத் தன் கணக்கில் நிறுத்துக்கொள்வது போன்றதுதான் அது.

பெயர் எழுதுவது புகழுக்காக மட்டுமல்ல, நேயர்களே. பொறுப்புக்காகவும்தான். வாளி யாருடையது என்று தெரிந்தால்தானே, பாலில் தண்ணீர் கலந்தது யார் என்று கேட்க முடியும்? எழுத்தும் அப்படித்தான். எழுதியவர் தெரிந்தால் நன்றியும் சொல்லலாம், தவற்றையும் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. பெரட்டு, வெட்டுக்காடு, ஒட்டுப்பால், மங்கு என்றெல்லாம் நம் வீடுகளில் வழங்கிய சொற்கள் எத்தனை! அவற்றில் பல, பண்டிதர்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். நம் பாட்டிமார் பாடிய தாலாட்டுக்கும் வேலைப் பாட்டுக்கும் ஆசிரியர் பெயரே கிடையாது. ஒருவர் தொடங்க, மற்றவர் அடியைச் சேர்க்க, லயத்தில் வளர்ந்த பாட்டுகள் அவை. தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிந்து, அந்தத் தலைமுறையும் குறைந்துகொண்டே வருகிறது. பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளட்டும். பாட்டியிடம் கேட்டு ஒரு சொல்லையோ ஒரு பாட்டையோ எழுதட்டும். அதன் அடியில் சொன்னவர் பெயர், எந்தத் தோட்டம், எந்த நாள், எழுதியவர் பெயர் என்று நான்கையும் குறிக்கட்டும். வெளியில் கொடுப்பதென்றால் பாட்டியின் சம்மதத்தையும் கேட்டுக்கொள்ளட்டும்.

1862-இல் ஒரு முகப்புப் பக்கத்தில் நம்மவர் பெயர்கள் விடுபட்டன. அதை இனித் திருத்த முடியாது. நாம் எழுதும் ஏட்டில் நம் பாட்டியின் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.