ஒளியைக் காத்த உப்பு: இப்னுல் ஹைதமின் இருட்டறையிலிருந்து கோடைக்கானல் வரை

புகைப்படக் கலையின் தந்தை இப்னுல் ஹைதமே என்று நம்மவர் மேடைகளில் முழங்குவதும், மேற்கத்திய நூலாசிரியர் சிலர் அவர் பெயரையே குறிப்பிடாமல் 19ஆம் நூற்றாண்டிலிருந்து அக்கலையின் வரலாற்றைத் தொடங்குவதும் நெடுங்கால வழக்கம். இரண்டும் வரலாற்றுக்கு நேர்மை செய்வன அல்ல. ஒளியால் உருவம் தோன்றுவது வேறு. தோன்றிய உருவம் நிலைத்து நிற்பது வேறு. முன்னதைச் சோதனையாலும் கணிதத்தாலும் ஆராய்ந்த முதன்மையாளர்களுள் ஒருவர் பஸ்ராவில் பிறந்த நம் அறிஞர். பின்னதற்கு வழி திறந்தது ஓர் உப்பு. சில்வர் நைட்ரேட் என்பது அதன் பெயர். இவ்விரண்டு மரபுகளும் ஒன்றுகூடி நம் தமிழகத்திலேயே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனின் வரலாற்றை எழுதியுள்ளன. பழனி மலைத்தொடரில் அமைந்த கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடமே அந்த இடம்.

இருட்டறையில் விழுந்த பிறை

ஏறத்தாழ 965இல் பிறந்து 1040ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம், ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் பெருநூலால் புகழ்பெற்றவர். கிரகணத்தின் வடிவம் குறித்து அவர் தனியே ஒரு சிறுநூலும் இயற்றினார். சூரியன் பகுதியளவு மறைந்திருக்கும்போது, சிறு துளை வழியே இருண்ட இடத்தில் விழும் ஒளி பிறை வடிவம் கொள்கிறது. துளையைப் பெரிதாக்கினால் பிறை மறைந்துவிடுகிறது. வானத்துப் பிறைநிலவின் ஒளியோ அவ்வாறு பிறையாக விழுவதில்லை. ஏன் இந்த வேறுபாடு? துளையின் அளவு, ஒளிப்பொருளின் அளவு, அவற்றிடையே உள்ள தொலைவு ஆகியவற்றைக் கணித்து அவர் விடை கண்டார். துளை வழியே ஒளியுரு தோன்றும் காட்சியை அவருக்கு முன்பே கிரேக்கரும் சீனரும் அறிந்திருந்தனர். அக்காட்சியைச் சோதனைக்கும் கணக்குக்கும் உட்படுத்தியதே அவர் சிறப்பு. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த கமாலுத்தீன் அல்ஃபாரிசி தம் ‘தன்கீஹுல் மனாழிர்’ நூலில் அவ்வாய்வை மேலும் வளர்த்தார்.

எனினும், கிரகணம் விலகியதும் அறையில் விழுந்த பிறையும் மறைந்தது. அதைத் தக்கவைக்கும் பொருள் எதுவும் அவர் கையில் இல்லை.

சந்திரனின் உப்பு

இரசவாதிகள் பொன்னைச் சூரியன் என்றும் வெள்ளியைச் சந்திரன் என்றும் குறித்தனர். வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து வற்றவைத்தால் கிடைக்கும் நிறமற்ற படிகமே சில்வர் நைட்ரேட். இதைக் கண்டவர் ஜாபிர் இப்னு ஹய்யான் எனப் பல நூல்கள் கூறும். இங்கு நாம் நிதானிக்க வேண்டும். இப்படிகத்தை விளக்கும் ‘கெபர்’ பெயரிலான இலத்தீன் நூல்கள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி ஐரோப்பாவில் எழுதப்பட்டவை என்பதே ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. அவற்றுக்கு அரபு மூலம் கிடைக்கவில்லை. அரபு வேதியியலின் கருவிகளும் முறைகளும் அந்நூல்களுக்கு அடித்தளமாயின என்பதில் ஐயமில்லை. அந்த அளவோடு உரிமை கொண்டாடுவதே அறிவுக்கு அழகு.

இவ்வுப்பைக் குச்சியாக வார்த்து, மருவையும் புண்ணில் மிகையாக வளர்ந்த சதையையும் சுட்டெரிக்க மருத்துவர் பயன்படுத்தினர். இலத்தீனில் வழங்கிய ‘நரகக் கல்’ என்னும் பெயரே அரபியில் ‘ஹஜர் ஜஹன்னம்’ என்றாயிற்று. அதே உப்பின் 2 விழுக்காட்டுக் கரைசலைப் பச்சிளங் குழந்தைகளின் கண்ணில் ஒரு துளி இட்டு, பிறப்பின்போது தொற்றும் நோயால் அவர்கள் பார்வை இழக்காமல் காக்கலாம் என்று ஜெர்மானிய மருத்துவர் கிரெடே 1881இல் அறிவித்தார். நம் நாட்டில் 1962 தேர்தல் முதல் வாக்காளரின் விரலில் இடப்படும் அழியாத மையிலும் இருப்பது இதுவே. தோலில் பட்டு ஒளிபட்டதும் வெள்ளியாகப் பிரிந்து கறுத்துவிடும் இயல்பே மையின் அடிப்படை.

இவ்வியல்பைத்தான் ஒளியைக் காக்கவும் பயன்படுத்தினர். கறுக்கச் செய்வது வெப்பமன்று, ஒளியே என்று 1717இல் ஷூல்சே காட்டினார். 1802இல் வெட்ஜ்வுட்டும் டேவியும் இவ்வுப்புக் கரைசல் தோய்ந்த தாளிலும் தோலிலும் நிழலுருக்களைப் பெற்றனர். ஆனால் அவற்றைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க இயலவில்லை, முழுதும் கறுத்துப்போயின. ஒளிபடாத வெள்ளியுப்பைக் கழுவி நீக்கும் ‘ஹைப்போ’வை ஜான் ஹெர்ஷல் 1839இல் புகைப்படத்துக்குப் பயன்படுத்திய பின்னரே உருவம் நிலைத்தது. 1871இல் மேடாக்ஸ், சில்வர் நைட்ரேட்டையும் புரோமைடு உப்பையும் ஜெலட்டினில் கலந்து கண்ணாடியில் பூசும் உலர்தகட்டை அறிமுகம் செய்தார். வானநூலாருக்குத் தேவையான கருவி கிடைத்துவிட்டது.

நெருப்புக்கு மூச்சளிப்பது

நைட்ரேட் உப்புகள் தாமே எரிவதில்லை. எரியும் பொருளுக்கு ஆக்சிஜனை அளிக்கின்றன. ஹசனுர் ரம்மாஹ் என்னும் சிரியா நாட்டறிஞர் 13ஆம் நூற்றாண்டில் மரச்சாம்பலைக் கொண்டு தூய்மைப்படுத்தும் முறையை எழுதிவைத்த வெடியுப்பும் இக்குடும்பத்ததே. சில்வர் நைட்ரேட் 212 பாகை செல்சியசில் உருகும். 440 பாகையளவில் வெள்ளியாகவும், நச்சுத்தன்மையுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடாகவும், ஆக்சிஜனாகவும் சிதையும். இது சேர்ந்த தீயைக் காற்றை மறைத்து அணைக்க முடியாது. மிகுந்த நீரே ஏற்றது.

ஆகவே இதைப் பழுப்புநிறக் கண்ணாடிக் குப்பியில் இறுக மூடி, காகிதம், துணி, மரத்தூள், ஆல்கஹால் ஆகியவற்றுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கையுறையும் கண்காப்பும் இன்றித் தொடலாகாது. கண்ணில் தெறித்தால் 15 நிமிடமேனும் ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் விரைய வேண்டும், பார்வையே போகக்கூடும். நெடுநாள் உடலில் சேரும் வெள்ளி, தோலை நீலச்சாம்பல் நிறமாக மாற்றிவிடும். அந்நிறம் திரும்ப நீங்குவதில்லை. கண்ணாடிக்கு வெள்ளிப்பூச்சு இட அம்மோனியா கலந்து ஆக்கும் கரைசலை அவ்வப்போதே ஆக்கிப் பயன்படுத்திவிட வேண்டும். எடுத்துவைத்தால் அதில் படியும் பொருள் சிறு அசைவிலும் வெடிக்கும். எஞ்சிய சில்வர் நைட்ரேட் கரைசலை ஓடையில் கொட்டுவது மீன்களைக் கொல்லும். சமையல் உப்புக் கரைசலைச் சேர்த்தால் வெள்ளி வெண்ணிற வீழ்படிவாகத் தனியே பிரியும். அதைச் சேகரித்து மீட்கலாம்.

மலைமேல் ஒரு நாட்குறிப்பு

1792இல் சென்னையில் அமைந்த வானாய்வுக்கூடத்தின் பணி, 1899இல் மிச்சி ஸ்மித்தின் தலைமையில் கோடைக்கானலுக்கு மாறியது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,343 மீட்டர் உயரமும் மலைக்காற்றின் தெளிவும் அத்தேர்வுக்குக் காரணமாயின. 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பின், சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டா என்று எழுந்த வினாவும் இதன் பின்னணியில் இருந்தது. 1904இல் கால்சியத்தின் நிறமாலைக் கோட்டொளியில் சூரியனைப் படமெடுக்கும் பணி தொடங்கிற்று. வானம் இடந்தந்த நாள்களில் எல்லாம் அப்பணி 2007 வரை நடந்தது. 1909 ஜனவரியில், கரும்புள்ளியைச் சூழ்ந்த பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் இங்கு எடுத்த நிறமாலைப் பதிவுகளில் கண்டறிந்தார். அவ்விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

சூரியனின் காந்தப்புலத்தை நாள்தோறும் படமாக்கும் கருவிகள் மிகப் பிற்காலத்தவை. அவற்றுக்கு முந்தைய பல பத்தாண்டுகளில் சூரியன் எவ்வாறிருந்தது என்பதை, கால்சிய ஒளியில் பளிச்சிடும் பகுதிகளைக் கொண்டே கணிக்க முடிகிறது. ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சூரியச் சுழற்சிகள் பத்தை ஒரே இடத்துப் பதிவுகளில் காணும் வாய்ப்பு உலகில் அரிது. அத்தகடுகள் இன்று கணினிப் படிமங்களாக்கப்பட்டு ஆய்வாளருக்கு வழங்கப்படுகின்றன.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். இஸ்னாத் இல்லாத செய்தியை முஹத்திஸ்கள் ஏற்பதில்லை. நாளும் நேரமும் குறிக்கப்படாத தகடும் அத்தகையதே. பனிமூட்டத்தின் ஈரத்திலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் உடைப்பிலிருந்தும் கண்ணாடிகளைக் காத்து, ஒவ்வொன்றின் நாளையும் பேணிவந்த பெயரறியா ஊழியர்கள் இவ்வறிவுச் சங்கிலியின் ராவிகள்.

அமானத்

அதே கோடைக்கானலில் மற்றோர் உலோகத்தின் கதையும் உண்டு. 1980களில் தொடங்கிய இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கடைக்குச் சென்றது 2001இல் வெளிப்பட்டது, ஆலை மூடப்பட்டது. தொழிலாளரின் நோய்களுக்குப் பாதரசம் காரணமன்று என்றே நிறுவனம் கூறிவந்தது. எனினும், 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. ஆலையின் சரிவு இறங்குவது பாம்பார் சோலைக் காட்டை நோக்கி. ஒரே மலையில் ஓர் உலோகம் நூறாண்டு அறிவாகப் பேணப்பட்டது. மற்றோர் உலோகம் மண்ணிலும் நீரிலும் விடப்பட்டது.

பொருள்கள் தம்மளவில் நன்மையோ தீமையோ உடையன அல்ல. நரகக் கல் என்று பெயர்பெற்ற உப்பே குழந்தையின் கண்ணைக் காத்தது. சூரியனின் நூற்றாண்டையும் காத்தது. வேறுபாடு, கையாளுவோர் அதை அமானத்தாகக் கருதினரா என்பதிலேயே இருக்கிறது. முன்னோரின் அறிவுக்கும் இது பொருந்தும். இப்னுல் ஹைதம் செய்ததை மிகைப்படுத்தாமலும் குறைக்காமலும் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதே அவருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை. நம் கல்லூரி மாணவர்கள் கோடைக்கானலுக்குச் சுற்றுலா செல்லுங்கால், ஏரியோடு திரும்பிவிடாமல் அந்த ஆய்வுக்கூடத்தையும் கண்டு வரச் செய்வது நம் ஆசிரியர்களின் கடமை.